நான்காம் கட்டம்

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்.
பெயர். நேரம். அடையாள அட்டை எண்.
நான்காவதன் தலையில் ‘துஜுவான்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கிறது.
நோக்கம்.
கட்டைவிரல் அகலம்தான் இடம்.

நிபோங் திபால் தாண்டி, லயத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில்,
முன்பு பால் நிறுத்த கொட்டகை இருந்த இடத்தில் எங்கள் இணைய மையம்.
கணினி ஆறு. ஓடுவது நான்கு.
அதில் ஒன்றுக்கு இடைவெளிப் பொத்தான் சிக்கும்,
சொற்கள் கைகோத்துக்கொண்டே போகும்.
என் ஒப்பந்தத்தை டிசம்பருக்கு டிசம்பர் புதுப்பிப்பார்கள்.

தவசீலன் தினமும் ‘வேலை’ என்று எழுதுவான்.
பத்து காவான் தொழிற்சாலைகள் எல்லாம் ஒன்றையே கேட்கின்றன:
எஸ்.பி.எம். சான்றிதழ், படமாக, இரண்டு எம்பிக்குள்.
அவனுடையது வெள்ளத்தில் நனைந்து காய்ந்தது.
சுருக்கினால் முத்திரை மறைகிறது,
பெரிதாக்கினால் கேட்டைத் திறக்க மறுக்கிறது.
பன்னிரண்டாம் தடவை ஏறிற்று.
எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவி வந்தான்.
அது மார்ச் மாதம்.

மரியபுஷ்பம் ‘பில்’ என்று எழுதுவாள்.
மின்கட்டணம் நிஜமாகவே கட்டுவாள், மூன்று நிமிடத்தில்.
மிச்ச ஐம்பத்தேழும்
ஜொகூரில் யாரோ ஒருத்தி கேக்கின்மேல் ரோஜா பிழிவதைச்
சத்தமில்லாமல் பார்ப்பாள்.
நான் ஒன்றும் கேட்டதில்லை.
என் மேசையிலிருந்தும் அந்தத் திரை தெரியும்.

ரெஸாவுல் ஒருமுறை வந்தான், பழக்குலை வெட்டும் கத்தியை
வெளியே சுவரில் சாய்த்துவிட்டு.
பெயர் எழுதினான். நேரம் எழுதினான்.
மூன்றாம் கட்டத்தில் பன்னிரண்டு எண்கள் கேட்டது.
பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில் என்றான்.
பேனாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவேன்.
கதவைத்தான். ரௌட்டருக்கு ஏது பூட்டு?

கோலாலம்பூரிலிருந்து கடிதம்:
நள்ளிரவு இரண்டு மணிக்குப் பதினேழு கருவிகள். விளக்கம் தேவை.

அன்றிரவு டார்ச்சோடு போனேன்.
பின்சுவரை ஒட்டி, கால்வாய் ஓரம், செங்கல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
யாரும் உரக்கப் பேசவில்லை.
ஒருவன் போனுக்குள் ஒரு குழந்தை
வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.
சிக்னல் வந்து அது மூடட்டும் என்று காத்திருந்தான்.
என் வெளிச்சம் பட்டதும் எழுந்தார்கள்.
செம்பனை இருட்டு எல்லாரையும் வாங்கிக்கொண்டது,
ஒரு ஜப்பான் செருப்பை விட்டுவிட்டு.
குழந்தை வாய் மூடியதா தெரியாது.

தலைமையக உத்தரவு, இரண்டு வரி:
கடவுச்சொல்லை மாற்றவும்.
புதியதை மையத்தின் உள்ளே, தெளிவாகத் தெரியுமாறு ஒட்டவும்.

மாற்றினேன்.
பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.
உள்ளேதான்.
பின்ஜன்னல் கண்ணாடியில்,
எழுத்து கால்வாயைப் பார்க்க.

காலையில் தாளுக்குள் வெயில் ஏறும்போது
இங்கிருந்து அது இடம் வலம் மாறித் தெரியும்.
தவசீலன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.
“என்னக்கா பாசை இது?”
“உனக்கில்ல, உக்காரு”
என்றாள் மரியபுஷ்பம், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

இப்போதெல்லாம் திறந்ததும் பின்பக்கம் பெருக்குகிறேன்.
கொசுவர்த்திச் சாம்பல், மூன்று வட்டம், சில நாள் நான்கு.
செருப்பைக் காணோம்.

இந்த மாதக் கடிதமும் வந்துவிட்டது.
பத்தொன்பது கருவிகள்.
கூடவே ஒரு படிவம், அதிலும் அதே கட்டம், அதே அகலம்.
‘கெலுவார்கா’ என்று எழுதினேன். குடும்பம்.
நுணுக்கித்தான் எழுதினேன்.
அப்படியும் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது.